மனித ஸ்டெம் செல்லிலிருந்து இயங்கும் மூளை நரம்பணு: முதல் நாளிலிருந்து மின்துடிப்பு வரை

உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளையிலிருந்து ஆராய்ச்சிக்காக நரம்பணுக்களை எடுத்துப் பார்க்க இயலாது. வலிப்பு நோய்க்கோ கட்டிக்கோ அறுவைச் சிகிச்சை செய்யும்போது அகற்றப்படும் சிறு துண்டுகளும், இறந்தவர்களின் உறவினர் கொடையாக அளிக்கும் திசுவும்தான் நெடுங்காலம் கைக்குக் கிடைத்தவை. 1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து, உடலின் எந்தச் செல்லாகவும் மாறவல்ல ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார். 2007-இல் கியோட்டோவின் ஷின்யா யாமனாகா, வளர்ந்த மனிதரின் தோல் செல்லையே நான்கு மரபணுக்களின் துணையால் அந்நிலைக்குத் திருப்பிக் காட்டினார். இவ்விரண்டுக்கும் பிறகே மனித நரம்பணுக்களை வேண்டும்போதெல்லாம் ஆய்வகத்தில் உருவாக்கும் வழி திறந்தது. இன்று ஒரு நோயாளியின் சில மில்லிலிட்டர் ரத்தம் இருந்தால், அவருடைய மரபணுத் தொகுப்பையே கொண்ட மூளை நரம்பணுக்களைச் சில மாதங்களில் தட்டில் வளர்த்துவிடலாம்.

முதுகலை முடித்து ஆய்வில் சேர்பவர்களுக்கும், செல் வளர்ப்பில் கைப்பழக்கம் இருந்தும் நரம்பணுக்களுக்குப் புதியவர்களுக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தலைப்பில் உள்ள ‘இயங்கும்’ என்ற சொல்லை நான் வெறுமனே சேர்க்கவில்லை. நீண்ட கிளைகளோடு, நரம்பணுவுக்குரிய புரதச் சாயங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டு, பார்ப்பதற்கு முழுமையான நரம்பணுவாகத் தோன்றும் ஒரு செல், மின்துடிப்பு ஒன்றைக்கூட எழுப்பத் தெரியாததாக இருக்கலாம். தோற்றத்தை நம்பி ஆய்வை மேலே கட்டினால் அதன் முடிவுகளுக்கு அடித்தளமே இருக்காது. எனவே கீழே வரும் ஒவ்வொரு படியையும் கடைசி மின்சோதனையை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு பெரும் வழிகள் உள்ளன. முதலாவது, கரு வளரும் ஒழுங்கைத் தட்டில் பின்பற்றுவது. இதன் முதுகெலும்பாக இருப்பது, 2009-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில் லோரென்ஸ் ஸ்டூடரின் குழு வெளியிட்ட இரட்டை ஸ்மாட் தடுப்பு முறையாகும். 2012-இல் கேம்பிரிட்ஜில் ரிக் லிவ்சியின் குழு இதைப் பெருமூளையின் வெளியடுக்கான புறணியின் நரம்பணுக்களுக்கு உரிய விரிவான செய்முறையாக வளர்த்தெடுத்தது. இரண்டாவது, நியூரோஜெனின்-2 என்ற ஒற்றை மரபணுவை வலிந்து இயக்கி, இடைநிலைகளைத் தாண்டி நேரே நரம்பணுவுக்குப் போவது. இது 2013-இல் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் சூடாஃப், மாரியஸ் வெர்னிக் ஆகியோரின் குழுவிலிருந்து வந்தது.

புறணி எவ்வாறு உருவாகிறது, எந்தக் கட்டத்தில் பிசகுகிறது என்பது உங்கள் கேள்வியானால் முதல் வழியே பொருந்தும். ஒரே தன்மையுள்ள நரம்பணுக்கள் பெருமளவில் விரைவாக வேண்டுமானால் இரண்டாவது போதும். முதன்முறை செய்பவர்கள் முதல் வழியைக் கற்றுக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். அது மெதுவானது, ஆனால் செல்லின் ஒவ்வொரு மாற்றத்தையும் கண்ணால் பார்த்துப் பழக அதில் இடமிருக்கிறது.

இரட்டை ஸ்மாட் தடுப்பின் தத்துவத்தைப் புரிந்துகொண்டால் பல பிழைகளைத் தவிர்க்கலாம். கருவின் புறப்படலச் செல்கள் நரம்புத் திசுவாக மாறுவதற்குத் தனிக் கட்டளை ஏதும் வர வேண்டும் என்று முன்பு கருதினார்கள். தவளைக் கருவில் நடந்த ஆய்வுகள் வேறொன்றைச் சொல்லின. ‘தோலாக மாறு’ என்று சொல்லும் பிஎம்பி சமிக்ஞையைத் தடுத்துவிட்டால், அச்செல்கள் தாமாகவே நரம்பு வழியில் செல்கின்றன. நாகின் போன்ற இயற்கைப் புரதங்கள் கருவில் அந்தத் தடுப்பு வேலையைத்தான் செய்கின்றன. மனித ஸ்டெம் செல்லுக்கு மற்றொரு சமிக்ஞையும் உண்டு. ஆக்டிவின், நோடல் வழியாக வரும் அது, செல்லை ஸ்டெம் நிலையிலேயே நிறுத்தும், அல்லது உள்படலம், நடுப்படலம் ஆகியவற்றின் பக்கம் தள்ளும். இரண்டு சமிக்ஞைகளும் செல்லுக்குள் ஸ்மாட் புரதங்கள் வழியாகவே பாய்கின்றன. இரண்டையும் ஒருசேர அடைத்துவிட்டால் செல்லுக்கு எஞ்சுவது நரம்புப் பாதை ஒன்றுதான்.

தொடங்கும் முன்: ஸ்டெம் செல்லின் தரம்

தோல்வியடைந்த நரம்பணுத் தொகுதிகளில் பெரும்பாலானவை தொடங்குவதற்கு முன்பே தோற்றுப் போனவை என்பதை இத்தனை ஆண்டுகளில் கண்டிருக்கிறேன். விதை நெல் பதராக இருந்தால் உரம் போட்டு என்ன பயன்?

நல்ல ஸ்டெம் செல் திட்டுகள் நெருக்கமாகவும் தட்டையாகவும் இருக்கும். ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் பெரிய உட்கருவும், அதற்குள் பளிச்சென்ற உட்கருமணிகளும், சுற்றிலும் மிகக் குறைந்த சைட்டோபிளாசமும் தென்படும். ஓரத்தில் செல்கள் பரந்து நீண்டு கிடந்தாலோ, திட்டின் நடுவில் மஞ்சள் பாரித்த மேடு தெரிந்தாலோ, தாமாக வேறு திசுவாக மாறத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்பகுதிகளை நுண்ணோக்கியின் கீழ் பிப்பெட் முனையால் சுரண்டி அகற்றிவிட்டு, மறு வளர்ப்புக்குப் பிறகே தொடங்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குறைகள் இதைவிட ஆபத்தானவை. நீண்ட நாள் வளர்ப்பில் மனித ஸ்டெம் செல்கள் சில குரோமோசோம் மாற்றங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. 1, 12, 17 ஆகிய குரோமோசோம்களின் கூடுதல் பிரதிகளும், 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் 11.21 பகுதியின் பெருக்கமும் அடிக்கடி காணப்படுபவை. இந்தக் கடைசி மாற்றம், செல் சாவைத் தடுக்கும் பிசிஎல்2எல்1 என்ற மரபணுவைக் கூட்டுவதால், அதைப் பெற்ற செல்கள் தட்டில் மற்றவற்றை முந்திப் பெருகும். அளவில் சிறியதாக இருப்பதால் வழக்கமான குரோமோசோம் பட்டைச் சோதனையில் இது தப்பிவிடலாம். எனவே அதற்கெனத் தனியாகப் பிசிஆர் சோதனை செய்துகொள்ளுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியத் தொற்றுக்கான சோதனையை மாதம் ஒருமுறை தவறாமல் செய்யுங்கள். அந்தத் தொற்று, செல்கள் வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தைக் கலங்கச் செய்யாது, செல்களை மட்டும் மெல்ல மாற்றிவிடும்.

முதற்படி: நெருக்கமாக விதைத்தல்

ஸ்டெம் செல்களை அக்யுடேஸ் நொதியால் ஒற்றைச் செல்களாகப் பிரித்து, செல்கள் ஒட்டுவதற்கான மேட்ரிஜெல் என்ற புரதக் கூழ் பூசிய தட்டில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 3 லட்சம் என்ற அளவில் விதைக்க வேண்டும். மனித ஸ்டெம் செல்கள் தனித்து விடப்பட்டால் கூட்டமாகச் செத்துப்போகும் இயல்புடையவை. ராக் என்ற நொதியைத் தடுக்கும் ஒய்-27632 என்ற மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் முதல் 24 மணி நேரத்துக்கு மட்டும் சேர்த்தால் அந்தச் சாவு பெரிதும் குறையும் என்று ஜப்பானின் யோஷிகி சசாயின் குழு 2007-இல் கண்டறிந்தது. இன்று அம்மருந்து இல்லாத ஸ்டெம் செல் ஆய்வகமே இல்லை எனலாம்.

மறுநாள் தட்டில் இடைவெளியே இல்லாமல் செல்கள் நிறைந்திருக்க வேண்டும். இந்த நிபந்தனையில் விட்டுக்கொடுக்காதீர்கள். நெருக்கம் குறைந்தால், தடுப்பு மருந்துகள் இருந்தும், செல்களில் ஒரு பகுதி நரம்பு முகடு எனப்படும் வேறொரு வகைக்குப் போய்விடும். இடைவெளி தெரிந்தால் இன்னும் ஒரு நாள் ஸ்டெம் செல் மீடியத்திலேயே விட்டுவைத்து, நிறைந்த பிறகு தொடங்குங்கள்.

இரண்டாம் படி: நரம்புத் தூண்டல், 0 முதல் 12-ஆம் நாள் வரை

ஸ்டெம் செல் மீடியத்தை முற்றிலும் அகற்றி, என்2பி27 எனப்படும் நரம்பு மீடியத்தை ஊற்றும் நாளே 0-ஆம் நாள். இது என்2 கலந்த டிஎம்இஎம்-எஃப்12, பி27 கலந்த நியூரோபேசல் ஆகிய இரண்டையும் சம அளவில் சேர்த்த கலவை. இதில் எஸ்பி431542 என்ற மருந்தை 10 மைக்ரோமோலாரும், எல்டிஎன்193189 என்ற மருந்தை 100 நானோமோலாரும் கலக்க வேண்டும். முன்னது ஆக்டிவின் வழியையும் பின்னது பிஎம்பி வழியையும் அடைக்கும். 2009 செய்முறையில் இரண்டாவதன் இடத்தில் நாகின் புரதம் இருந்தது. விலையும் தொகுதிக்குத் தொகுதி மாறும் வீரியமும் காரணமாகப் பலர் இப்போது சிறு மூலக்கூறுக்கு மாறிவிட்டார்கள்.

மீடியத்தைத் தினமும் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அதில் சேர்த்திதான். 2-ஆம் நாளிலிருந்து 4-ஆம் நாள் வரை மிதக்கும் செத்த செல்களைக் கண்டு பதற வேண்டாம்; புதிய பாதைக்கு ஒத்துவராத செல்கள் கழிகின்றன. 6-ஆம் நாளுக்குப் பிறகு செல்கள் மிக அடர்ந்துவிடுவதால், காலையில் சிவந்திருந்த மீடியம் மறுநாள் காலைக்குள் மஞ்சளாகிவிடும். அது அமிலம் சேர்வதன் அடையாளம். அப்போது மீடியத்தின் அளவைக் கூட்டுங்கள்.

10 முதல் 12-ஆம் நாளுக்குள் தட்டு முழுவதும் ஒரே சீரான, நெட்டையான செல்கள் அடர்ந்து நிற்கும் படலமாகிவிடும். இதுவே நரம்புப் புறத்தோல். தட்டின் ஒரு குழியை, அதாவது கிணற்றை, ஒதுக்கி, நரம்பு நிலையின் அடையாளமான பாக்ஸ்6 புரதம் வந்திருக்கிறதா, ஸ்டெம் நிலையின் அடையாளமான ஆக்ட்4 புரதம் மறைந்திருக்கிறதா என்று சாயமிட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுச் செல்களுக்குக் குறைவாகவே பாக்ஸ்6 இருந்தால் அத்தொகுதியை நான் கைவிட்டுவிடுவேன். ஆக்ட்4 உள்ள செல்கள் சில இன்னும் எஞ்சியிருந்தாலும் அப்படியே. அவை பின்னர் நரம்பணுக்களின் நடுவே கட்டிபோல் பெருகி எல்லாவற்றையும் மூடிவிடும்.

மூன்றாம் படி: ரோஜா வடிவங்கள்

படலத்தை டிஸ்பேஸ் நொதியால் பெயர்த்து, ஒற்றைச் செல்களாக உடைக்காமல் சிறு கட்டிகளாகவே லாமினின் என்ற ஒட்டுப் புரதம் பூசிய தட்டுக்கு மாற்ற வேண்டும். அகன்ற முனை கொண்ட பிப்பெட்டைப் பயன்படுத்துங்கள்; இரண்டு மூன்று முறைக்கு மேல் இழுத்து விடாதீர்கள். அதன்பின் எஃப்ஜிஎஃப்2 வளர்ச்சிக் காரணியை மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் வீதம் 2 முதல் 4 நாட்கள் வரை கொடுத்தால், பின்னர் நரம்பணுக்களைத் தரும் முன்னோடிச் செல்கள் பெருகும்.

இந்த வேலையிலேயே மிக அழகான காட்சி இப்போதுதான் வரும். நுண்ணோக்கியின் கீழ் செல்கள் ஆரங்கள்போல் ஒரு சிறு வெற்றிடத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கி நிற்கும். இதழ்கள் விரிந்த ரோஜாவை மேலிருந்து பார்ப்பதுபோல் இருப்பதால் இவற்றுக்கு ரோசெட் என்று பெயர். இது வெறும் அழகும் அன்று. கருவின் நரம்புக் குழாயில் முன்னோடிச் செல்கள் குழாயின் உட்குழியை நோக்கி நிற்பது எப்படியோ அப்படியே இங்கும் நிற்கின்றன. உட்கருக்கள் மேலும் கீழும் நகர்ந்து, பிளவுறும் தருணத்தில் மட்டும் நடுக்குழியின் ஓரத்துக்கு வருகின்றன. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தட்டையான பிளாஸ்டிக்கின் மேல், கரு வளர்ச்சியின் மூன்றாம் நான்காம் வாரத்துச் செயலை இச்செல்கள் நடத்திக்காட்டுகின்றன. முதன்முறை இதைப் பார்த்த நாளில் தட்டை இன்குபேட்டருக்குத் திருப்பி வைக்க எனக்கு மனமே வரவில்லை.

ரோசெட்டுகளிலிருந்து விலகி வெளியே தட்டையாகப் பரவி ஓடும் செல்கள் தெரிந்தால் அவை நரம்பு முகட்டுச் செல்களாக இருக்கும். அடுத்த மாற்றத்தில் அவற்றை விட்டுவிட்டு ரோசெட்டுகளை மட்டும் எடுங்கள். முன்னோடிச் செல்களை, உறையும்போது காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தை 10 சதவீதம் கலந்து, திரவ நைட்ரஜனில் சேமித்து வைக்க ஏற்ற கட்டமும் இதுவே.

நான்காம் படி: நரம்பணுக்கள் பிறத்தல்

20-ஆம் நாளையொட்டி ரோசெட்டுகளின் வெளி விளிம்பில் மெல்லிய கிளைகளோடு முதல் நரம்பணுக்கள் தோன்றும். கருவில் உள்ள அதே வரிசைதான் இங்கும்: புறணியின் ஆழ அடுக்குகளுக்குரிய டிபிஆர்1, சிடிஐபி2 புரதங்களைக் கொண்டவை முதலில், மேல் அடுக்குகளுக்குரிய சாட்பி2 கொண்டவை வாரங்கள் கழித்து, நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அவற்றுக்கும் பிறகு. எனவே 40-ஆம் நாளில் சாட்பி2 அரிதாக இருப்பதைத் தோல்வி என்று எண்ணிவிடக் கூடாது.

30 முதல் 35-ஆம் நாளையொட்டி அக்யுடேஸ் கொண்டு செல்களைப் பிரித்து, பாலி-ஆர்னிதின், லாமினின் இரண்டும் பூசிய தட்டுகளில் சதுர சென்டிமீட்டருக்கு 50,000 முதல் 1 லட்சம் வரை கடைசியாக விதைக்க வேண்டும். மின்சோதனைக்கு வேண்டியவற்றைக் கண்ணாடி வில்லைகளின் மேல் விதையுங்கள். முன்னோடிச் செல்கள் தொடர்ந்து பெருகி இடத்தை அடைப்பதைத் தடுக்க, நாட்ச் சமிக்ஞையை மறிக்கும் டிஏபிடி மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் சில நாட்கள் கொடுத்தால் அவை ஏறக்குறைய ஒரே காலத்தில் நரம்பணுக்களாகிவிடும்.

இங்கிருந்து மீடியத்தில் பாதியை மட்டுமே மாற்ற வேண்டும். நான் முதன்முதலாக வளர்த்த தொகுதியில், 47-ஆம் நாள், அவசரத்தில் மீடியம் முழுவதையும் உறிஞ்சிவிட்டுப் புதியதைக் கிணற்றின் நடுவில் நேராக ஊற்றினேன். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய வலை முழுவதும் ஓர் ஓரத்தில் பெயர்ந்து, பாய் சுருள்வதுபோல் சுருண்டு என் கண்ணெதிரே மிதந்தது. ஏழு வார வேலை அரை நிமிடத்தில் போனது. நரம்பணுக்கள் தட்டோடு ஒட்டியிருப்பதைவிட ஒன்றோடொன்று இறுகப் பற்றியிருப்பதால், ஓரிடம் பெயர்ந்தால் எல்லாம் பெயரும். கிணற்றின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாரம் ஒருமுறை மீடியத்தில் சிறிதளவு லாமினினும் சேருங்கள்.

ஐந்தாம் படி: காத்திருத்தல்

மனித நரம்பணுக்கள் மிக மெதுவாகவே முதிர்கின்றன. எலியின் புறணி நரம்பணுக்கள் பிறந்து முடிய ஒரு வாரம் போதும். மனிதக் கருவில் அதற்கு மாதங்கள் ஆகின்றன. மனித நரம்பணுக்களை எலிக்குஞ்சின் மூளையில் வைத்தாலும், சுற்றிலும் எலிச் செல்கள் விரைவாக முதிர்ந்துகொண்டிருக்க, இவை தம் மனித வேகத்திலேயே மாதக்கணக்கில் வளர்வதை பெல்ஜியத்தின் பியர் வாண்டர்ஹேகன் குழு காட்டியிருக்கிறது. அந்தக் கடிகாரம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் இயக்க வேகம் அதன் ஒரு பகுதி என்று அக்குழுவே 2023-இல் சொன்னது. முன்னோடி நிலையிலேயே இஇசட்எச்2 போன்ற புரதங்கள் டிஎன்ஏவின் மேல் போட்டுவைக்கும் பூட்டுகள் மற்றொரு பகுதி என்று ஸ்டூடரின் குழு 2024-இல் காட்டியது.

நம்மால் இயன்றது, செல்கள் முதிர்வதற்குத் தடையாக இல்லாத சூழலைத் தருவது. பழைய மீடியங்கள் நரம்பணுக்களை உயிரோடு வைப்பதற்காக உருவானவை. அவற்றில் உள்ள உப்புகள், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள் ஆகியவற்றின் அளவு மூளையின் திரவத்தை ஒத்ததன்று, மின்துடிப்பையும், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் சந்திப்பான சினாப்ஸின் வேலையையும் அவை அமுக்குகின்றன. இதைக் கருதியே 2015-இல் சால்க் நிறுவனத்திலிருந்து பிரெயின்ஃபிஸ் என்ற மீடியம் வந்தது. கடைசி விதைப்புக்கு இரண்டு வாரங்களுக்குப் பிறகு படிப்படியாக அதற்கு மாறுவது என் வழக்கம். ஆஸ்ட்ரோசைட்டுகளோடு சேர்த்து வளர்ப்பது அதைவிடவும் பெரிய உதவி. சினாப்ஸ்கள் அமைவதற்கான புரதங்களை அவை சுரக்கின்றன, நரம்பணுவைத் தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட் சிந்திக் கிடந்தால் அதை உறிஞ்சி நச்சாகாமல் காக்கின்றன.

நியூரோஜெனின்-2 வழியில் இக்காத்திருப்பு சுருங்கும். லென்டிவைரஸ் மூலம் அந்த மரபணுவை ஸ்டெம் செல்லுக்குள் சேர்த்து, டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் மட்டும் இயங்கும்படி அமைத்துக்கொள்வார்கள். மருந்து கொடுத்த சில நாட்களிலேயே கிளைகள் வந்துவிடும். மரபணு சேராத செல்களைப் பியூரோமைசின் கொன்றுவிடும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மேல் அடுக்குச் சாயலுள்ள, குளூட்டமேட் சுரக்கும் நரம்பணுக்கள் கிடைக்கும். அவை சினாப்ஸ்களால் இணைய ஆஸ்ட்ரோசைட் போன்ற துணைச் செல்களான எலியின் கிளியா செல்களை உடன் சேர்க்க வேண்டும். ரோசெட் நிலையே வராததால், கரு வளர்ச்சியின் கோளாறுகளை இவற்றில் தேடுவது வீண்.

ஆறாம் படி: இயங்குகிறதா என்று சோதித்தல்

முதலில் சாயம். மாப்2 கிளைகளைக் காட்டும். சமிக்ஞையை அனுப்பும் பக்கத்துப் புரதமான சினாப்சினின் புள்ளிகளும், பெறும் பக்கத்துப் புரதமான பிஎஸ்டி-95-இன் புள்ளிகளும் கிளைகளின் மேல் எதிரெதிரே நெருங்கி நின்றால் சினாப்ஸின் இரு பக்கங்களும் சந்தித்திருக்க வாய்ப்புண்டு. சாயம் இதற்கு மேல் சொல்லாது.

அடுத்து பேட்ச் கிளாம்ப். 1976-இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் உருவாக்கிய இம்முறையில், நுனி ஒரு மைக்ரோமீட்டர் அளவே உள்ள கண்ணாடிக் குழாயைச் செல்லின் மேல் மெதுவாக வைத்து, வாயால் இலேசாக உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டும் கணத்தில் திரையில் மின்தடை ஜிகாஓம் அளவுக்குத் தாவும். மேலும் சிறிது உறிஞ்சினால் சவ்வு கிழிந்து, செல்லின் உட்புறத்தோடு நேரடித் தொடர்பு கிடைக்கும். இப்போது ஓய்வு மின்னழுத்தத்தைப் படியுங்கள். இளம் நரம்பணுவில் அது கழித்தல் 40 மில்லிவோல்ட்டையொட்டி இருக்கும். முதிர முதிரக் கழித்தல் 60, 70 நோக்கி இறங்கும். பிறகு 10 பிக்கோஆம்பியர் படிகளாக மின்னோட்டத்தைச் செலுத்துங்கள். நான்காம் ஐந்தாம் வாரத்துச் செல் பெரும்பாலும் குட்டையான, அகன்ற ஒற்றைத் துடிப்போடு ஓய்ந்துவிடும். மாதங்கள் சென்ற செல்லோ, மின்னோட்டம் பாயும் நேரம் முழுவதும் உயர்ந்த, கூர்மையான துடிப்புகளை வரிசையாக எழுப்பும். சோடியம் வாயில்களை அடைக்கும் டெட்ரோடோடாக்சினை 1 மைக்ரோமோலார் சேர்த்தால் அவை அடியோடு மறைய வேண்டும். மறையாவிட்டால் நீங்கள் கண்டது உண்மையான துடிப்பன்று.

தனிச் செல் துடிப்பதோடு வேலை முடியாது, அது அண்டைச் செல்லோடு பேச வேண்டும். செல்லைக் கழித்தல் 70 மில்லிவோல்ட்டில் நிறுத்திவைத்துப் பார்க்கும்போது, தாமாக எழும் சிறு உள்நோக்கு மின்னோட்டங்கள் தெரிந்து, அவை குளூட்டமேட் ஏற்பிகளைத் தடுக்கும் சிஎன்கியூஎக்ஸ் மருந்தால் அற்றுப்போனால், சினாப்ஸ் உண்மையிலேயே வேலை செய்கிறது. முதிர்ந்த நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளைக் கொண்டு சோதிப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இளம் நரம்பணுக்களுக்குள் குளோரைடு மிகுந்திருப்பதால் அவற்றை காபா அடக்காது, மாறாகத் தூண்டும். வலையமைப்பு முழுவதையும் ஒருசேரப் பார்க்க, கால்சியம் சாயங்களின் ஒளிர்வையோ, மின்முனைகள் பதித்த தட்டுகளையோ வாரந்தோறும் பயன்படுத்தலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த துடிப்புகள், வாரங்கள் செல்லச் செல்ல, ஒரே நேரத்தில் எழுந்து அடங்கும் கூட்டுத் துடிப்புகளாக மாறுவதை அவற்றில் காணலாம்.

ஒப்பீட்டுக்கு வரும்போது

நோயாளியின் நரம்பணுவையும் நலமுள்ள வேறொருவரின் நரம்பணுவையும் ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு நோயினாலா இருவரின் பிற மரபணு வேறுபாடுகளாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையைக் கொண்டு நோயாளியின் ஸ்டெம் செல்லிலேயே அந்த ஒரு பிழையைத் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் அருகருகே வளர்ப்பதே நம்பத்தக்க ஒப்பீடு. ஒவ்வொன்றிலும் தனித்தனி ஒற்றைச் செல்லிலிருந்து பெருக்கிய குறைந்தது இரண்டு கிளைத் தொகுதிகளை எடுத்து, வெவ்வேறு நாட்களில் தொடங்கிய மூன்று தூண்டல்களில் சோதியுங்கள். ஒரே தூண்டலின் மூன்று கிணறுகளை மூன்று சோதனைகளாக எண்ணக் கூடாது.

ரத்தமோ தோலோ கொடுத்தவரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்றிருப்பதும், இந்தியாவில் செய்பவர்கள் 2017-ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிகாட்டு நெறிகளின்படி நிறுவனக் குழுவின் அனுமதியோடு தொடங்குவதும் கட்டாயம். ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, ஸ்டெம் செல்களை மருத்துவ ஆய்வுக்கு வெளியே நோயாளிகளுக்குச் செலுத்த அந்நெறிகள் இடந்தரவில்லை. தட்டில் துடிக்கும் நரம்பணுவைக் காட்டும் படங்களை வைத்து ஆட்டிசத்துக்கும் பெருமூளை வாதத்துக்கும் சிகிச்சை என்று விளம்பரம் செய்யப்படுவதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. கியோட்டோவில் 2018-இல் தொடங்கிய பார்கின்சன் ஆய்வில், ஸ்டெம் செல்லிலிருந்து வந்த டோபமின் முன்னோடிச் செல்களை ஏழு நோயாளிகளின் மூளையில் வைத்து, இரண்டு ஆண்டுகள் கண்காணித்து, பாதுகாப்பையே முதற்கேள்வியாகக் கொண்டு, 2025-இல்தான் முடிவுகளை வெளியிட்டார்கள். உங்கள் குறிப்பேட்டிலும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஸ்டெம் செல்லின் பாசேஜ் எண் (எத்தனையாவது மறு வளர்ப்பு என்பது), பாக்ஸ்6 விழுக்காடு, விதைத்த அடர்த்தி, மீடியம் மாற்றிய நாள், துடிப்பு எழுப்பிய செல்களின் எண்ணிக்கை, எழுப்பாதவற்றின் எண்ணிக்கை ஆகிய ஆறும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.